ஜார்ஜியா வாங்கினா ஆர்மீனியா இலவசமாம்!

ஆடித் தள்ளுபடியில வேட்டி வாங்கினா துண்டு ஃப்ரீன்னு போர்டு வைப்பாங்க, தெரியுமில்ல? அதே கணக்குல ஒரு டூர் நோட்டீஸ்:

ஜார்ஜியா ஆறு நாள். கூடவே ஒரு நாள் ஆர்மீனியா. இலவசம்!

அது போய்ச் சேர்ந்தது சென்னை பாரிமுனையில பேப்பர் மொத்த வியாபாரம் பண்ற ஒருத்தர் கையில. பேரு வேணாம், அவருக்குப் பிடிக்காது. பேப்பர்க்காரர்னே வெச்சுக்குவோம். வயசு ஐம்பத்தஞ்சு, லேசா தொப்பை, எதையும் விலை கேட்டுட்டுத்தான் ரசிப்பாரு. அவரு கடையிலேர்ந்து ரெண்டு திருப்பம் நடந்தா அரண்மனைக்காரன் தெரு.

(அங்க போயி அரண்மனையைத் தேடாதீங்க. அது ஆர்மீனியன் ஸ்ட்ரீட். ஆர்மீனியாக்காரன் நம்ம வாயில உருண்டு உருண்டு அரண்மனைக்காரன் ஆயிட்டான். பேரு மாறினாலும் மரியாதை கூடித்தான் போச்சு!)

முப்பது வருஷமா அவருக்கு அந்த வழியாத்தான் போக்குவரத்து. செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயில் கூட்டத்துல ஸ்கூட்டர் மாட்டிக்கிட்டா முணுமுணுப்பாரு, அவ்வளவுதான். தெருவுக்குப் பேரு குடுத்தவங்களுக்குன்னு ஒரு நாடு இருக்குங்கறது நோட்டீஸைப் பாத்தப்புறம்தான் உறைச்சது.

"ஏம்ப்பா, ஆர்மீனியாவுல என்ன இருக்கு?"

"பெருசா ஒன்னும் இல்ல சார். மலை, சர்ச்சு. ஒரு நாள் போதும்."

அந்த 'ஒரு நாள் போதும்'தான் இத்தனை புலம்பலுக்கும் காரணம்.

அந்த இலவச நாள் எப்படிக் கழிஞ்சதுன்னு கேளுங்க. ஜார்ஜியாவோட தலைநகர் திபிலீசியில விடியக்காலம் வேன் ஏறினாரு. எல்லையில வரிசை. பாஸ்போர்ட்ல முத்திரை. அப்புறம் தெபெத் ஆத்துப் பள்ளத்தாக்கு. அங்க ஹக்பாத், சனஹின்னு பத்தாம் நூத்தாண்டுல ஆரம்பிச்ச ரெண்டு மடங்கள், ரெண்டும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. சனஹின்ங்கற பேருக்கு 'இது அதைவிடப் பழசு'ன்னு அர்த்தம் சொல்றாங்க. பக்கத்து ஊர்க்காரனை வெறுப்பேத்தறதுக்குன்னே ஒரு பேரு! தல புராணம் எழுதின நம்மாளுங்ககூட இவ்வளவு வெளிப்படையா இறங்கினதில்ல.

அங்க அரை மணி, இங்க அரை மணி, ஒரு சாப்பாடு, திரும்ப வேன். ராத்திரி திபிலீசி. முடிஞ்சது ஆர்மீனியா.

ஊருக்கு வந்தப்புறம்தான் ஒரு சமாச்சாரம் தெரிஞ்சுது. அதே சனஹின் கிராமத்துலதான் 1905-ல அர்த்தெம் மிகோயான் பொறந்தாரு. மிக் (MiG) விமானத்துல இருக்கற 'M' அவரோடது. அங்க அவருக்கும் அவரு அண்ணனுக்கும் ஒரு மியூசியம் இருக்கு, வெளியில நிஜமான மிக்-21 ஒன்னு நிக்குது. நம்ம விமானப்படை 1963-லேர்ந்து 2025 வரைக்கும் ஓட்டின அதே வண்டி. சின்ன வயசுல தாம்பரம் பக்கம் தலைக்கு மேல விமானம் போனா வாயைப் பொளந்துக்கிட்டு நின்ன ஆளு இவரு. வேன் அங்க நிக்கவே இல்லை.

"ஃப்ரீன்னா இப்படித்தான்"னாரு. வியாபாரி இல்லையா, தப்பு எங்கன்னு சட்டுனு புரிஞ்சுடுச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர்ல காசு குடுத்து, தனியா, ஆர்மீனியாவுக்கு மட்டும் ஒன்பது நாள் போனாரு.

ஆர்மீனியா ஏன் துண்டு மாதிரி இலவசமாப் போகுதுன்னா, காரணம் மேப்புலயே இருக்கு. தமிழ்நாட்டை நாலா மடிச்சா ஒரு மடிப்புக்குள்ள அடங்கிடற நாடு, 29,743 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 30 லட்சம். கடல் கிடையாது. மேக்க துருக்கி, கிழக்க அஜர்பைஜான், வடக்க ஜார்ஜியா, தெக்க ஈரான். நகோர்னோ கராபாக்ங்கற பகுதிக்காக நடந்த சண்டையில அஜர்பைஜான் எல்லை அடைபட்டது, 1993-ல துருக்கியும் தன் பக்கத்தை மூடுச்சு. நாலு வாசல் வீட்டுல ரெண்டு வாசலுக்குப் பூட்டு. மிச்சம் இருக்கறதுல சுற்றுலாக்காரன் வசதியா நுழையற வாசல் ஜார்ஜியாதான். அதனால அந்தப் பக்கம் கடை போட்டவன் இதைக் கொசுறாக் குடுக்கறான்.

சரி, தலைநகர் எரெவானுக்கு வருவோம்.

முதல் நாள் காலையில ஓட்டல் ரூம் திரையை இழுத்தவரு அப்படியே நின்னுட்டாரு. எதிர்க்க அபார்ட்மெண்ட், மொட்டை மாடியில துணி, டிஷ் ஆன்டெனா, அதுக்குப் பின்னாடி வானத்துல பாதியை அடைச்சுக்கிட்டு ஒரு வெள்ளை மலை. அராரத். 5,137 மீட்டர். நம்ம தொட்டபெட்டா மாதிரி ரெண்டை ஒன்னு மேல ஒன்னு வெச்சாத்தான் எட்டும். பைபிள்ல நோவாவோட பேழை தரை தட்டினதாச் சொல்ற மலைத்தொடர் இதுதாங்கறது இவங்க நம்பிக்கை. நாட்டுச் சின்னத்துல இந்த மலை. பிராந்தி பாட்டில்ல இந்த மலை. கடை, ஓட்டல், கால்பந்து கிளப்புன்னு எல்லாத்துக்கும் இதோட பேரு.

ஆனா மலை இருக்கறது துருக்கியில.

எரெவான்லேர்ந்து பாத்தா கையை நீட்டித் தொட்டுடலாம்போல. பக்கத்துல போகணும்னா ஜார்ஜியா வழியா சுத்திக்கிட்டுப் போகணும். இதுல ஒரு பழைய கதை வேற உண்டு. சோவியத் காலத்துல, "எங்க மலையை உங்க சின்னத்துல எப்படிப் போடலாம்?"னு துருக்கி கேட்டுச்சாம். "உங்க கொடியில நிலா இருக்கே, நிலா உங்களுதா?"ன்னு பதில் போச்சாம். நடந்ததோ இல்லையோ, டாக்சிக்காரரு சொல்லும்போது நேத்து நடந்த மாதிரியே சொன்னாரு.

ஊருக்குள்ள கட்டடமெல்லாம் ரோஸ் நிறம். பெயின்ட் இல்லை, கல்லே அந்த நிறம். எரிமலைச் சாம்பல் இறுகின டஃப் கல்லு. காலையில வெளிறின ரோஸ், சாயங்காலம் செங்கல் நிறத்துக்கு வந்துடும். சோவியத் ஊர்னா சாம்பல் நிறப் பெட்டி வீடுங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போனவருக்கு இது கொஞ்சம் ஏமாத்தம்தான் (நல்ல ஏமாத்தம்).

தெருவுக்குத் தெரு இடுப்பு உயரத்துல ஒரு கல்லுத் தூண், அதுலேர்ந்து தண்ணி குமிழ் விட்டுக்கிட்டே இருக்கும். பேரு புல்புலாக். 'புல்புல்'ங்கறது தண்ணி கொப்புளிக்கற சத்தமாம். மலைத் தண்ணி, சில்லுன்னு இருக்கும், காசு கிடையாது. குழாயைத் திறக்கணும் மூடணும்கற வேலையும் இல்லை. நிறைய தூண் செத்துப்போனவங்க நினைவா வீட்டுக்காரங்க வெச்சது. நம்ம தண்ணீர்ப்பந்தல், வருஷம் பூராவும். பேப்பர்க்காரரு முதல் தடவை குனிஞ்சப்போ தண்ணி வாய்க்குப் போகாம நேரா மூக்குக்குப் போச்சு. ரெண்டாவது தடவை சட்டை. பக்கத்துல நின்ன ஒரு பாட்டி தோளைத் தட்டி, தலையைச் சாய்ச்சு, பக்கவாட்டுல உறிஞ்சிக் காட்டினாங்க. அப்புறம் ஒன்பது நாளும் ஒரு தண்ணி பாட்டில் வாங்கலை. எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட்டும் வெச்சிருக்காரு.

இன்னொரு சறுக்கல், காஸ்கேட். ஊர் நடுவுல மலைச் சரிவுல கட்டின ராட்சசப் படிக்கட்டு, 572 படி. மேல ஏறினா அராரத் முழுசாத் தெரியும்னாங்க. ஏறினாரு. பாதியில உக்காந்தாரு. திரும்ப ஏறினாரு. உச்சியில மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது, பக்கத்துக் கதவுலேர்ந்து குழந்தையோட ஒரு குடும்பம் சிரிச்சுக்கிட்டே வெளிய வருது. படிக்கட்டுக்கு உள்ளயே எஸ்கலேட்டர் ஓடுது! இலவசமா!

படிக்கட்டுக்கும் ஆர்மீனியாக்காரங்களுக்கும் என்ன ராசியோ தெரியலை. நம்ம பரங்கிமலைக்குப் படி கட்டிக் குடுத்ததும் ஒரு ஆர்மீனிய வியாபாரிதான், கோஜா பெத்ரூஸ் உஸ்கான். 1726-ல அடையாத்து மேல சைதாப்பேட்டைக்கிட்ட பாலம் போட்டவரும் அவரே. மறைமலை அடிகள் பாலத்துல டிராஃபிக்ல நிக்கும்போது ஞாபகம் வெச்சுக்குங்க, அந்த இடத்துல முதல்ல பாலம் போட்டது அந்த ஊர்க்காரர் காசு.

சாப்பாட்டு விஷயத்துல மனுஷன் பெரிய மாட்டு மாட்டினாரு. போனது செப்டம்பர் கடைசி. அப்படின்னா? புரட்டாசி! டிக்கெட் போடும்போது வீட்டம்மா சொன்னது காதுல ஏறலை. ஊரே ஹொரொவாத்ஸ்னு கறியைக் கம்பியில குத்தி வாட்டிக்கிட்டு இருக்கு, வாசனை ரூம் வரைக்கும் வருது, இவரு ரொட்டியும் வெள்ளரிக்காயுமா உக்காந்திருக்காரு. "வெஜிடேரியன்"னு சொன்னா கோழி கொண்டாந்து வெச்சாங்க.

மூணாம் நாள் வழி கிடைச்சது. ஆர்மீனியத் திருச்சபையில நோன்பு நாள் நிறைய. அந்த நாள்ல கறி மட்டுமில்ல, பால், முட்டைகூட ஆகாது. அந்தச் சமையலுக்கு 'பஸுட்ஸ்'னு பேரு. பஸுட்ஸ் தொல்மா கேட்டாரு. முட்டைக்கோஸ் இலைக்குள்ள கொண்டைக்கடலை, பயறு, உடைச்ச கோதுமைன்னு ஏழு வகை வெச்சுச் சுருட்டினது வந்துச்சு. நம்ம ஆளுங்க ஊர் ஊராப் போய் "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்"னு பட்டியல் வாசிக்கறதுக்குப் பதிலா அந்த ஊரு விரதத்தைக் கண்டுபிடிச்சாப் போதும். எல்லா ஊர்லயும் யாராவது விரதம் இருந்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

மத்சுன்னு தயிர். அதுல தண்ணி, உப்புப் போட்டுக் கலக்கினா 'தான்'. வேற ஒன்னும் இல்லைங்க, மோர். இஞ்சி, கருவேப்பிலை மட்டும் இல்லை.

அப்புறம் ஜிங்கியாலோவ் ஹாத்ஸ். மெல்லிசா தேச்ச மாவுக்குள்ள பத்துப் பதினஞ்சு வகைக் கீரையைப் பொடியா நறுக்கி அடைச்சு, தட்டி, கல்லுல சுட்டு எடுக்கறது. இது கராபாக் பக்கத்து ரொட்டி. 2023 செப்டம்பர்ல அஜர்பைஜான் அந்தப் பகுதியை முழுசா எடுத்துக்கிட்டப்போ, ஒரு லட்சத்துக்கும் மேல ஆர்மீனியருங்க சில நாள்ல கிடைச்சதை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. எரெவான் மார்க்கெட்ல அந்த ரொட்டி சுட்ட அம்மாகிட்ட இவரு கைஜாடையில எந்த ஊருன்னு கேட்டாரு. அவங்க ஒரு பேரு சொன்னாங்க. அப்புறம் மாவுக் கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக் காட்டிட்டு, அடுத்த உருண்டையை எடுத்துட்டாங்க. இவரு சில்லறை வாங்காம வந்துட்டாரு. (இவரு! சில்லறை!)

நன்றின்னு சொல்ல அவங்க பாஷையில வார்த்தை ஷ்னோர்ஹகாலுத்யுன். பயப்படாதீங்க, அவங்களுக்கே நீளம்தான். பாதிப் பேரு 'மெர்சி'ன்னுட்டுப் போயிடறாங்க.

லவாஷ் சுடறதை மட்டும் அவசரமில்லாமப் பாக்கணும். கார்னிங்கற ஊர்ல, ஒரு வீட்டுத் தாழ்வாரத்துல, தரையோட தரையா மண் அடுப்பு. பேரு தொனிர், நம்ம தந்தூர் அடுப்பை நிலத்துல புதைச்ச மாதிரி. சுத்தி மூணு அம்மாங்க. ஒருத்தர் உருட்டறாங்க. ஒருத்தர் தேச்சு, ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி வீசி, துணி மாதிரி ஆக்கறாங்க. மூணாமவங்ககிட்ட நீளமா ஒரு தலகாணி. மாவை அது மேல இழுத்துப் போத்தி, குனிஞ்சு, அடுப்புச் சுவர்ல 'பொத்'துன்னு ஒரு அறை. அரை நிமிஷத்துல மாவு கொப்புளம் விடுது, ஓரம் கருகுது, கொக்கி போட்டு உரிச்சு எடுக்கறாங்க. மூணு பேரும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலை, அரட்டையும் நிக்கலை. 2014-ல யுனெஸ்கோ இதைக் கலாசாரப் பட்டியல்ல சேத்தது. காய வெச்சு அடுக்கினா மாசக்கணக்குல கெடாது. வேணும்போது தண்ணி தெளிச்சா மறுபடி இளகிடும்.

இப்போ கோர் விராப். துருக்கி எல்லைக்குப் பக்கத்துல, அராரத் அடிவாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கற மடம். ஆர்மீனியா போஸ்ட்கார்டு எல்லாத்துலயும் இருக்கறது இதுதான். கிறிஸ்தவத்தை அரச மதமா முதல்ல ஏத்துக்கிட்ட நாடு நாங்கதான்னு ஆர்மீனியருங்க சொல்லிக்குவாங்க, வருஷம் 301. அதுக்கு முன்னாடி, திரிதாத் ராஜா கிரிகோர்ங்கற கிறிஸ்தவரைப் பிடிச்சு இங்க ஒரு பாதாளக் குழியில போட்டானாம். பதிமூணு வருஷம். அப்புறம் ராஜாவுக்குச் சித்தம் கலங்க, குழியிலேர்ந்து வந்த கிரிகோர் குணப்படுத்த, ராஜா மதம் மாறினதாக் கதை.

அந்தக் குழிக்குள்ள இறங்கலாம். சின்னத் தேவாலயத்தோட தரையில ஒரு ஓட்டை, செங்குத்தா இரும்பு ஏணி, ஆறு மீட்டருக்கு மேல ஆழம். ஓட்டையைப் பாத்தாரு, தன் வயித்தைப் பாத்தாரு. பின்னாடி ரஷ்யச் சுற்றுலாக் கூட்டம் வரிசையில நிக்குது. மானப் பிரச்சினை. இறங்கினாரு. சட்டைப் பட்டன் ஒன்னு ஏணியில மாட்டித் தெறிச்சு, 'டிங் டிங்'னு கீழ விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. உள்ள ஒரு வட்ட அறை. மெழுகுவத்திப் புகை ஏறின கல்லு. புழுக்கம். பத்துப் பேரு நின்னா மூச்சு முட்டும். "அஞ்சு நிமிஷம் இருந்தேன், பதிமூணு வருஷத்தை நம்பிட்டேன்"னாரு.

வெளியில ஒருத்தர் வெள்ளைப் புறாவோட நிக்கறாரு. காசு குடுத்துப் பறக்க விட்டா நினைச்சது நடக்குமாம். இவரு பேரம் பேசாம நின்னு புறா எங்க போகுதுன்னு கவனிச்சாரு. அது ஒரு வட்டம் அடிச்சு நேரா முதலாளி கூண்டுக்கே திரும்பிடுச்சு! மூலதனம் கரையாத வியாபாரம்னு இன்னிக்கும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாரு.

மடங்களைப் பத்தி ஒரு எச்சரிக்கை. ஆர்மீனியாவுல மலைக்கு மலை மடம். முதல் நாள் மெய்சிலிர்க்கும். மூணாம் நாள் எது நோரவான்க், எது சகமோசவான்க்னு குழம்பும். அஞ்சாம் நாள் ஃபோன்ல இருக்கற படமெல்லாம் ஒன்னா தெரியும். ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேணாம். (நவக்கிரக டூர் ஒரே நாள்ல அடிச்சவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

ஒன்னே ஒன்னுதான் பாப்பேன்னா கெகார்துக்குப் போங்க. கல்லை அடுக்கிக் கட்டின கோயில் முன்னாடி, மலையையே குடைஞ்ச கோயில் பின்னாடி. 13-ஆம் நூத்தாண்டு வேலை. தூண், வளைவு, கூரை எல்லாம் ஒரே பாறை. மாமல்லபுரம் மண்டபங்களைப் பாத்த கண்ணுக்கு உளி வேலை புதுசில்லை. இங்க புதுசு இருட்டுதான். கூரையில ஒரு துவாரம், அதுல ஒத்தை வெளிச்சம், மூலையில பாறையிலேர்ந்து கசியற ஊத்து. சத்தம் போட்டா அது அடங்கவே மாட்டேங்குது.

இவரு போன நேரம் வாசல்ல ஒருத்தர் துதுக் வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. பாதாமி மரத்துல செய்யற குழல், வாயில வைக்கற இடத்துல நம்ம நாகஸ்வரம் மாதிரியே சீவாளி, ஆனா கட்டைவிரல் அகலத்துக்கு. நாகஸ்வரம் ஊரையே கூப்பிடும். துதுக் பக்கத்துல இருக்கறவன்கிட்ட மட்டும் ஏதோ சொல்லும். வாசிக்கறவர் பக்கத்துல இன்னொருத்தர் அதே குழலை வெச்சுக்கிட்டு ஒரே சுரத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, கன்னம் உப்பி. அதுக்கு 'தம்'னு பேரு. நம்மகிட்ட ஒத்து இருக்கே, அச்சா அதுதான். நம்ம ஊர்க் கச்சேரியில ஒத்துக்காரர் இருந்த இடத்துல இப்போ சுருதிப்பெட்டி உக்காந்திருக்கு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் போஸ்ட்கார்டு. பேப்பர்க்காரரை நிஜமாப் பிடிச்சுப் போட்டது மாத்தெனதரான். எரெவான் நடுத்தெரு போய் முட்டற இடத்துல கோட்டை மாதிரி ஒரு கட்டடம். பழைய கையெழுத்துச் சுவடிகளோட களஞ்சியம், 20,000-க்கும் மேல இருக்கு. வாசல்ல மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் சிலை. 405-ல ஆர்மீனிய எழுத்தை உருவாக்கினவரு, அப்போ 36 எழுத்து. எழுத்துக்காக ஒருத்தரைச் சாமியாக் கும்பிடற நாடு. 1600-வது வருஷத்துக்கு, 2005-ல, அரகாத்ஸ் மலைச் சரிவுல ஒவ்வொரு எழுத்தையும் ஆளுயரக் கல்லுல செதுக்கி நட்டு வெச்சிருக்காங்க. ஜனங்க தன் பேரோட முதல் எழுத்தைத் தேடிக் கட்டிப் பிடிச்சு ஃபோட்டோ எடுத்துக்கறாங்க.

உள்ள, கண்ணாடிக்குப் பின்னாடி, ஒரு தடிப் புத்தகம். முஷ் பிரசங்கத் தொகுப்பு. 1200 வாக்குல கன்னுக்குட்டித் தோல்ல எழுதினது. எடை 28 கிலோ. பேப்பர்க்காரரு உடனே மனக்கணக்கு: ஏ4 ரீம் ஒன்னு ரெண்டரைக் கிலோ, அப்போ பதினோரு ரீம். ஒத்தை ஆளு மாடி ஏத்தவே முடியாது.

1915-ல, ஒட்டமான் ராஜ்ஜியத்துல ஆர்மீனியருங்களை லட்சக்கணக்குல கொன்னு விரட்டினப்போ, ரெண்டு பொம்பளைங்க கண்ணுல இந்தப் புத்தகம் பட்டுது. உயிர் தப்பி நடந்து போறவங்க. சோத்துக்கு வழியில்லை. புத்தகத்தை ரெண்டாப் பிரிச்சாங்க. ஆளுக்குப் பாதி. ஒரு பாதி ஆர்மீனியத் திருச்சபையோட தலைமையிடமான எச்மியாட்ஸின் வந்து சேர்ந்துச்சு. இன்னொன்னை வழியில ஒரு மடத்துல புதைச்சுட்டாங்க, பின்னாடி தோண்டி எடுத்து வந்தாங்க. ரெண்டு பாதியும் இப்போ ஒரே கண்ணாடிக்குள்ள.

அவரு அங்கேயே ரொம்ப நேரம் நிக்கறதைப் பாத்து, சுத்திக் காட்டற அம்மா எந்த ஊருன்னு கேட்டாங்க. இந்தியான்னாரு. சரின்னு தலையாட்டினாங்க. சென்னைன்னாரு. புரியலை. "மெட்ராஸ்"னாரு.

"மெட்ராஸ்! ஷாஹமிரியான்! அஸ்தாரார்!"

அந்தம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நம்மாளுக்கு ரெண்டு பேருமே தெரியாது. முப்பது வருஷமா அங்கேயே பேப்பர் விக்கறவரு!

உலகத்துலயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அச்சானது எரெவான்ல இல்லை, மெட்ராஸ்ல. 1794. பேரு அஸ்தாரார். நடத்தினவரு ஹருத்யூன் ஷ்மாவோனியான்கற பாதிரியார். ரெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துட்டு ஈரான் பக்கத்துலேர்ந்து வந்தவரு. அடக்கமாகியிருக்கறது அரண்மனைக்காரன் தெரு ஆர்மீனியக் கோயில் வளாகத்துல. அந்தக் கோயில் 1772-ல கட்டினது. அதுல ஆறு மணி தொங்குது, ஒரு மணியில தமிழ் எழுத்தே இருக்கு.

ஷாஹமிர் ஷாஹமிரியான் மெட்ராஸ்ல பணம் சேத்த வியாபாரி. அச்சுக்கூடம் வெச்சாரு. 'புகழின் கண்ணி'ன்னு பொருள் வர்ற பேர்ல ஒரு புத்தகம் கொண்டு வந்தாரு. அது என்னன்னா, சுதந்திர ஆர்மீனியாவுக்கு அரசியல் சட்டம்! தேர்தல், பாராளுமன்றம், வரி, படிப்பு, நீதிமன்றம்னு 500-க்கும் மேல ஷரத்து. அட்டையில 1773-ன்னு இருக்கு, அச்சு முடிஞ்சது அதுக்குப் பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சுங்கறது ஆராய்ச்சிக்காரங்க பலரோட கணக்கு. அப்போ ஆர்மீனியான்னு ஒரு நாடே கிடையாது, பாரசீகமும் ஒட்டமானும் பங்கு போட்டிருந்துச்சு. நாடு கைக்கு வந்தது 1918-ல, அதுவும் ரெண்டு வருஷம். மறுபடி வர 1991 ஆச்சு. இல்லாத நாட்டுக்கு இங்க மெட்ராஸ்ல உக்காந்து ஒருத்தர் சட்டம் எழுதியிருக்காரு.

ஆர்மீனியாவோட விசித்திரமே இதுதான். மலை வெளியில. பத்திரிகை வெளியில. சட்டம் வெளியில. ஜனங்களும் உள்ள இருக்கறதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வெளியில. அதை ஒரு நாள்ல, வேன் ஜன்னல் வழியாக் காட்டறோம்கறாங்க.

விட்டுப் போனதைச் சட்டுனு சொல்லிடறேன்னு வேகவேகமாச் சொன்னாரு: எரெவான் குடியரசுச் சதுக்கத்து மியூசியத்துல 5,500 வருஷத்துப் பழைய தோல் செருப்பு, அரெனி குகையில கிடைச்சது, நாடா கட்டினபடி, உள்ள புல்லு திணிச்சபடி. எகிப்துப் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் வருஷம் மூத்தது. சைஸ் 37! தாதெவ் மடத்துக்குப் போற ரோப்கார் 5.7 கிலோமீட்டர், கீழ பாக்காதீங்க. செவான் ஏரி 1,900 மீட்டர் உயரத்துல. சோவியத் காலத்துல தண்ணியை இறைச்சு மட்டம் இறங்கினதுல தீவு தீபகற்பம் ஆயிடுச்சு, நம்ம ஏரிகளை நினைச்சா ஆச்சரியமே வராது. பள்ளிக்கூடத்துல செஸ் 2011-லேர்ந்து கட்டாயப் பாடம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல ஓபன் பிரிவு வெள்ளி இவங்களுக்குத்தான்.

குறையே இல்லையான்னா, இருக்கு. மலைப்பாதையில டிரைவருங்க ஓட்டற ஓட்டம், ஏற்காடு பஸ்காரரே கும்பிடு போடுவாரு. மார்ஷுருத்கான்னு ஷேர் வேன் இருக்கு, விலை சல்லிசு, ஆனா ரொம்பினாத்தான் கிளம்பும், போர்டு அவங்க எழுத்துல இருக்கும். இவரு ஒரு தடவை தப்பான வேன்ல ஏறி, ஊருக்கு வெளிய ஒரு சிமெண்ட் கடை வாசல்ல இறங்கினாரு. (கடைக்காரரு காபி குடுத்து, டாக்சி பிடிச்சு ஏத்தி விட்டாரு. அதனால அதையும் நல்ல அனுபவம்னே சொல்லிக்கிட்டு இருக்காரு.) சென்னையிலேர்ந்து நேரடி விமானம் கிடையாது, வளைகுடா வழியாப் போகணும். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு, விதி அடிக்கடி மாறும், டிக்கெட்டுக்கு முன்னாடி பாத்துக்குங்க. ஒரு ரூபாய்க்கு நாலஞ்சு திராம். குளிர்காலம் நிஜமான குளிர்காலம். செப்டம்பர், அக்டோபர் நல்லது, புரட்டாசியை மட்டும் வீட்டுல கேட்டுக்கிட்டுப் போங்க.

திரும்பி வரும்போது பெட்டியில காஞ்ச லவாஷ் ஒரு கட்டு. அளவா வெட்டி, ஓரம் சமமா அடுக்கி, பழக்க தோஷத்துல ரீம் மாதிரியே பேப்பர் சுத்தியிருந்தாரு. ஏர்போர்ட் ஸ்கேன்ல அது என்ன கட்டுன்னு பிரிக்கச் சொன்னாங்களாம். வீட்டம்மா ஒன்னை எடுத்துத் தட்டிப் பாத்து, "அப்பளமா?"ன்னாங்க. இவரு பெரிய நிபுணர் மாதிரி தண்ணி தெளிச்சு, ஈரத்துணியில சுத்தி வெச்சாரு. கால் மணி நேரத்துல சப்பாத்தியை விட மெதுவா வந்துடுச்சு. மத்தியானம் வெச்ச சுண்டைக்காய் வத்தக்குழம்பு அடியில கொஞ்சம் இருந்துச்சு. தொட்டுக்கிட்டு ஆளுக்கு மூணு சாப்பிட்டாங்க.